இடப்பக்கத்துச் சத்தம்

அந்தச் சத்தத்தை முதலில் கேட்டது நான்தான் என்று இன்றைக்கும் சொல்வேன். என் கணவர் ஒத்துக்கொள்ளமாட்டார். தானும் அன்றைக்கே கேட்டதாகவும், என்னைப் பயமுறுத்த வேண்டாம் என்று சொல்லாமல் வைத்துக்கொண்டதாகவும் சொல்வார். எப்படியோ, பேராதனைப் பக்கம் ஒரு பிரசவத்தை முடித்துவிட்டுக் காலை வெயிலில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தோம். பையை மடியில் வைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளின் சைட்காரில் அரைத் தூக்கத்தில் இருந்தேன். முன்னால் ஒரு மாட்டுவண்டி குறுக்கே திரும்பியதால் அவர் வேகத்தைக் குறைத்தார். அப்போது, யாரோ இரும்புப் பெட்டிக்குள் அகப்பட்டுக்கொண்டு சுத்தியலால் தட்டுவது போல, டொக், டொக் என்று கேட்டது. மாட்டுவண்டி விலகி, அவர் மறுபடி வேகமெடுத்ததும் நின்றுவிட்டது.

நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் வண்டி ஓட்டும்போது வாய்க்குள் எப்போதும் முணுமுணுக்கிற பாட்டு நின்றுபோயிருந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுப்பகுதி அது. நாங்கள் கண்டி மஹய்யாவயில், மாதா கோயில் மணி கேட்கிற தூரத்தில் குடியிருந்தோம். நான் ஆஸ்பத்திரியில் பயிற்சி பெற்ற மருத்துவிச்சி. அவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவர். ஊரை விட்டுப் போன ஒரு தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் தொரையின் கதிரை, அலுமாரிகளோடு ஏலத்துக்கு வந்த அந்த மோட்டார் சைக்கிளை, சைட்காரோடு அவர் எடுத்திருந்தார். இரண்டு பெரிய சிலிண்டர்கள், இங்கிலீஷ் 'வி' எழுத்தைப் போல விரிந்து நிற்கும். உதைத்துக் கிளப்பினால் அடுத்த வீட்டு ஜன்னல் அதிரும். எங்கள் தெருவில் அதை யாரும் வாத்தியார் வண்டி என்று சொல்லவில்லை, மருத்துவிச்சி வண்டி என்றுதான் சொன்னார்கள். மலையில் எங்கே வலி எடுத்தாலும் அவர் என்னைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, குழந்தை பிறக்கும்வரை வெளியில் உட்கார்ந்து பிள்ளைகளின் கணக்குக் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருப்பார்.

அந்த வாரம் எனக்கு இருந்த கவலை வேறு. என் தங்கை குருணாகலை ரோட்டில் உள்ள கலகெதரயில் நிறைமாதமாக இருந்தாள். அவள் புருஷனுக்கு அங்கே மிளகும் பாக்கும் வாங்கி விற்கிற வியாபாரம். வீடு கடையிலிருந்து மேலே, வண்டிப் பாதை ஒன்றில் ஏறிப் போகவேண்டிய இடத்தில். அவளுக்கு அதற்கு முன் இரண்டு குழந்தைகள் தங்கவில்லை. முதலாவது பிறந்த அன்றே போய்விட்டது. இரண்டாவது, ஊரெல்லாம் மலேரியாக் காய்ச்சல் பரவிய வருஷம், வயிற்றிலேயே போனது. முதல் தடவை அவள் எங்கள் வீட்டில்தான் இருந்தாள், நான் வேறொரு பிரசவத்துக்குப் போயிருந்தேன்; இரண்டு தடவையும் நான் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. இந்த முறை நான் வராமல் பிள்ளை பிறக்காது என்று அவளிடம் சொல்லியிருந்தேன். மருத்துவிச்சி அப்படியெல்லாம் வாக்குக் கொடுக்கக்கூடாது. அக்காவாகக் கொடுத்துவிட்டேன்.

"சத்தம் கேக்குதுங்களே" என்று அன்று மத்தியானம் கேட்டேன்.

"ஒண்டுமில்லை, பழைய எஞ்சின் அப்பிடித்தான்" என்றார்.

ஒன்றுமில்லாத சத்தத்துக்காக ஒரு மனுஷன் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் வண்டியின் முன்னால் குந்தியிருக்கமாட்டார். சமையல் வேலைக்கு நடுவில் குசினி ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். எஞ்சினைக் கிளப்பி மெதுவாக ஓடவிடுவார். நீளமான ஸ்குரூ டிரைவரின் நுனியை எஞ்சினில் வைத்து, மரப் பிடியைக் காதில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டிருப்பார். பிறகு ஒரு பிளக்கின் வயரைக் கழற்றி ஒரு சிலிண்டரில் மட்டும் ஓடவிடுவார், பிறகு மற்றதை. நொண்டிக்கொண்டு ஓடும் எஞ்சினில் டொக், டொக் கேட்டுக்கொண்டேயிருக்கும். ஒரு சிலிண்டரின் மின்சாரத்தை நிறுத்தும்போது சத்தம் நின்றால் குற்றம் அந்தச் சிலிண்டரில் என்று அர்த்தமாம். எதை நிறுத்தினாலும் இது நிற்கவில்லை. இரவில் பக்கத்தில் படுத்திருக்கும் அவர் தூங்கவில்லை என்பது எனக்குத் தெரியும். நானும் தூங்கவில்லை என்பது அவருக்கும் தெரிந்திருக்கும்.

சனிக்கிழமை கட்டுகஸ்தோட்டைக்குப் போனோம். மகாவலி ஆற்றுப் பாலத்துக்குக் கிட்ட லொறிகளும் கார்களும் திருத்துகிற பட்டறை ஒன்று இருந்தது. அதை நடத்தியவர் எங்களுக்குப் பழக்கமான முஸ்லிம் மனுஷர், நாங்கள் அண்ணன் முறையில் நாநா என்று கூப்பிடுவோம். அவருடைய பேரப்பிள்ளைகளில் இரண்டு பேர் என் கையில் பிறந்தவர்கள். வண்டி வாசலில் நிற்பதற்கு முன்பே அவர் முகம் மாறிவிட்டது. வலப்பக்கம் குந்தி, கையை எஞ்சினின் அடிப்பாகத்தில் வைத்து, என் கணவரை வேகத்தைக் கூட்டிக் குறைக்கச் சொன்னார். பிறகு நிறுத்தச் சொல்லிவிட்டு எழுந்து கையைத் துடைத்தார்.

அவர் சொன்னதை என் கணவர் எனக்கு அங்கேயே விளக்கினார். இரண்டு சிலிண்டருக்குள்ளும் ஏறி இறங்குகிற பிஸ்டன்களுக்கு ஆளுக்கொரு இரும்புத் தண்டு. இரண்டு தண்டும் கீழே ஒரே இடத்தில், ஒரே பேரிங்கில் வந்து சேருகின்றன. எந்தப் பிளக்கை நிறுத்தினாலும் சத்தம் நிற்கவில்லை என்றால், இரண்டுக்கும் பொதுவான அந்த பேரிங் தேய்ந்திருக்கவேண்டும். எஞ்சினின் அடிவயிற்றைப் பிளந்துதான் அதை மாற்றலாம். சாமான் கொழும்பில் இருக்காது, சீமையிலிருந்து கப்பலில் வரவேண்டும்.

"அதுவரைக்கும் ஓட்டலாமா நாநா?" என்று நான் கேட்டேன்.

"இத இனி ஓட்ட ஏலா, தங்கச்சி" என்றார் அவர். "தண்டு முறிஞ்சா எஞ்சின் அந்த எடத்துலயே இறுகிடும். சில்லு சுத்தாது. இறக்கத்துல அப்பிடி நடந்தா, நீங்க இரிக்கிற பெட்டிதான் மொதல்ல பொரளும்."

வேண்டுமென்றே பயமுறுத்துகிறவர் அல்ல அவர். அதனால் சைட்காரில் ஏற மறுத்துவிட்டேன். வீட்டுக்குத் திரும்பும்போது நான் பஸ்ஸில் வந்தேன். என் கணவர் வண்டியை ஊர்ந்து வருவது போல மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தார். அவர் வந்து சேரும்வரை நான் வாசல் படலையில்தான் நின்றேன்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது. கலகெதரவுக்கு பஸ் இருக்கிறதே, நான் அதில் போய்க்கொள்கிறேன் என்றேன். பஸ் நேரத்துக்கு வலி வருமா என்று அவர் கேட்டார். அவளை இப்போதே இங்கே கூட்டிவந்து வைத்துக்கொள்ளலாம் என்றேன். தலைப்பிள்ளையை எங்கள் வீட்டில் பறிகொடுத்த பெண் அவள். மறுபடி பிரசவத்துக்கு இந்தப் படி ஏறமாட்டேன் என்று அவள் சொன்னதை அவர் ஞாபகப்படுத்தினார். பிறகு இருவரும் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அவர் எஞ்சினைத் திறக்கத் தொடங்கினார். அடிவயிற்றைப் பிளக்கத் தன்னால் முடியாது, ஆனால் மேலிருந்து சிலிண்டர்களைக் கழற்றினால் தண்டுகளைக் கையால் அசைத்துப் பார்க்கலாம் என்றார். மழை தூறிக்கொண்டிருந்ததால் வண்டியை முன்னறை வாசலோடு ஒட்டி நிறுத்தி, உள்ளே பழைய பாயை விரித்தோம். கழற்றியதையெல்லாம் கழற்றிய வரிசையிலேயே அதில் வைத்தார். என் வீட்டு முன்னறை மண்ணெண்ணெய் நாற்றத்தில் மூழ்கியது. வாரக் கடைசியில் என்னைப் பார்க்க வருகிற கர்ப்பிணிகளைக் குசினி வழியாகத்தான் கூட்டிப்போனேன்.

சிலிண்டர்களுக்குள் கரி அடை அடையாகப் படிந்திருந்தது. இதுவே சத்தத்துக்குக் காரணமாக இருக்கலாம் என்று அவர் சொன்னபோது, சந்தோஷப்படலாமா என்று எனக்குத் தெரியவில்லை. கரியை மரத் துண்டால் சுரண்டி எடுத்தார். பிறகு தண்டுகளைப் பிடித்து மேலும் கீழுமாக அசைத்துப் பார்த்தார். என்னையும் பிடித்துப் பார்க்கச் சொன்னார். பக்கவாட்டில் லேசாக ஆடியது. மேலும் கீழுமாக ஆடுகிறதா என்றால், ஆடுவது போலவும் இருந்தது, ஆடாதது போலவும் இருந்தது. பயந்து போனவர்கள் இருவர் சேர்ந்து ஒரு இரும்பை அசைத்துப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும்.

திரும்பப் பூட்டி முடித்தபோது அடுத்த நாள் சாயந்தரமாகிவிட்டது. கிளப்பினார். எஞ்சின் முன்னைவிட நன்றாகவே ஓடியது, புகை குறைந்திருந்தது. சத்தம் மட்டும் அப்படியே இருந்தது. டொக், டொக். அவர் எஞ்சினை நிறுத்திவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தார். கையைக்கூடக் கழுவவில்லை. தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தேன், கோப்பை முழுக்கக் கறுப்பாயிற்று.

அவர் பக்கத்தில் உட்கார்ந்து, எனக்குத் தோன்றியதைச் சொன்னேன். அந்தச் சத்தம் ஏற்றத்தில் கேட்பதில்லை. வண்டி பாரத்தை இழுத்துக்கொண்டு ஏறும்போது ஒரு சத்தமும் இல்லை. வேகத்தைக் குறைக்கும்போதும், சும்மா நின்று ஓடும்போதும்தான் தட்டுகிறது. இன்னொன்று, அது அடியிலிருந்து வருவதாக நீங்களும் நாநாவும் சொல்கிறீர்கள், எனக்கு எப்போதும் என் காலுக்குப் பக்கத்தில்தான் கேட்கிறது.

"நீர் இடப்பக்கம் இருக்கிறீர். அதுதான் அப்பிடிக் கேக்குது" என்றார் அலுப்போடு. "இரும்பில சத்தம் எங்கையும் ஓடும்."

"நீங்க ரெண்டு பேரும் வலப்பக்கமே குந்திக் கேட்டா அடியிலதான் கேக்கும்" என்றேன்.

அது உண்மைதான். எங்கள் வண்டிக்கு சைட்கார் இடப்பக்கம். அந்தப் பக்கத்தில் எஞ்சினை ஒட்டி ஒரு தகரப் பெட்டி, அதற்குள் எஞ்சினிலிருந்து கியர்ப் பெட்டிக்குப் போகிற சங்கிலி. சைட்காரைப் பிடித்திருக்கும் குழாய்கள் குறுக்கே நிற்பதால் அந்தப் பக்கம் குந்த இடமில்லை. சைட்காரில் இருக்கிறவருக்கு மட்டும் அது முழங்காலுக்குப் பக்கத்தில்.

வயிற்றில் வைத்துக் குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்கும் மரக் குழல் என் பையில் இருந்தது. அவர் முன்பே ஒரு தடவை அதைக் கேட்டிருந்தார், தாய்மார் வயிற்றில் வைக்கிறதை எண்ணெய் இரும்பில் வைக்கமாட்டேன் என்று மறுத்திருந்தேன். அன்றைக்கு நானே எடுத்து, ஒரு வெள்ளைத் துணியை மடித்துப் போட்டு அதன்மேல் வைத்துக் கேட்டேன். அவர் எஞ்சினை மெதுவாக ஓடவிட்டார். அடியில் வைத்தேன், சத்தம் தூரத்தில் கேட்டது. சைட்காரில் உட்கார்ந்து எட்டி, தகரப் பெட்டியின் முன்பக்கத்தில், சங்கிலியை ஓட்டும் பல்சக்கரம் இருக்கும் இடத்தில் வைத்ததும் காதுக்குள்ளேயே தட்டியது. காதை வெடுக்கென்று எடுத்துவிட்டேன்.

கிளட்சைப் பிடித்துப் பார்க்கச் சொன்னேன். எதற்கு என்று எனக்கே தெரியாது, ஏதாவது ஒன்றை மாற்றிப் பார்க்கலாம் என்றுதான். அவர் பிடித்தார். சத்தம் மெலிந்தது. விட்டார், பழையபடி தட்டியது. மறுபடி பிடித்தார், விட்டார். பிறகு எஞ்சினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பேரிங் என்றால் கிளட்சைப் பிடிப்பதால் இப்படி மாறாது என்றார். ஆனால் குரலில் நிச்சயம் இல்லை. நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் விடுமுறை கேட்டு, சைட்காரையே கழற்றித் தகரப் பெட்டியைத் திறந்து பார்க்கிறேன் என்றார்.

மறுநாள் காலை சைட்காரைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தபோதுதான் கலகெதரயிலிருந்து ஆள் வந்தார். தங்கை புருஷனின் கடையில் மூட்டை கட்டுகிற மனுஷர், முதல் பஸ்ஸில் வந்திருந்தார். விடியற்காலையில் வலி தொடங்கிவிட்டதாம். என் கணவர் கையில் ஸ்பேனரோடு அப்படியே நின்றார். முற்றத்தில் வண்டி ஒரு பக்கம், சைட்கார் ஒரு பக்கம். பையை எடுத்துக்கொண்டு வந்தவரோடு பஸ்ஸுக்கு நடந்தேன். திரும்பிப் பார்த்தபோது அவர் வண்டியின் இடப்பக்கம் தரையில் படுத்திருந்தார்.

நான் போய்ச் சேர்ந்தபோது வலி நன்றாக எடுத்திருந்தது. தங்கை என்னைக் கண்டதும் அழவில்லை. "வந்துட்டீங்களா" என்று மட்டும் கேட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். குழல் வைத்துக் கேட்டேன். குழந்தையின் துடிப்பு நன்றாக இருந்தது. அந்த நிமிஷம் எஞ்சினை முழுதாக மறந்துபோனேன்.

மத்தியானத்துக்குப் பிறகு எல்லாம் மாறியது. வலி இருந்தது, ஆனால் பிள்ளை இறங்கவில்லை. பனிக்குடம் உடைந்தபோது தண்ணீர் தெளிவாக இல்லை, பச்சையாகக் கலங்கியிருந்தது. மறுபடி குழல் வைத்தேன். ஒவ்வொரு வலி வரும்போதும் துடிப்பு மெதுவாகி, வலி போனபிறகும் பழையபடி ஓடத் தயங்கியது. என் முகத்தில் எதையும் காட்டாமல் வெளியே வந்து, அவள் புருஷனிடம், இவளை இப்போதே கண்டிக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும் என்றேன். அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சந்திக்கு ஓடினார். வாடகைக் கார் குருணாகலைக்குப் போயிருந்தது, எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. கண்டிக்குப் போகும் பஸ் சாயந்தரம்தான். அதிலும் இந்த நிலையில் ஒருத்தியைப் படுக்கவைத்துக் கொண்டுபோக முடியாது. அவர் திரும்பி வந்து வாசலில் நின்றார்.

பாதைக்குக் கீழே, ரோட்டில், கனமான எஞ்சின் சத்தம் கேட்டது.

தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டிருந்த நான் அப்படியே காதைக் கொடுத்தேன். வண்டி ரோட்டிலிருந்து திரும்பி வண்டிப் பாதையில் ஏறியது. ஏற்றத்தில் அது தட்டாது என்பதுதான் எனக்குத் தெரியுமே. வாசலுக்கு வந்து நின்று, எஞ்சின் நிற்பதற்கு முன்னால் சில விநாடி சும்மா ஓடியது. நான் கேட்கத்தான் பார்த்தேன், ஆனால் அதே நேரத்தில் தங்கைக்கு வலி வந்து, அவள் கத்தினாள். ஒன்றும் கேட்கவில்லை.

என் கணவர் முழங்கை வரை கறுப்பாக வந்து நின்றார். அவசரமாகச் சொன்னார். எஞ்சினிலிருந்து தகரப் பெட்டிக்குள் நீளும் தண்டில் அந்தப் பல்சக்கரம் வழுக்காமல் சுற்றுவதற்காக, இரண்டுக்கும் நடுவே வெட்டிய பள்ளத்தில் ஒரு சின்ன இரும்புத் துண்டு செருகியிருக்கும். அந்தத் துண்டு பாதி அரைபட்டுக் கிடந்ததாம். நட்டும் தளர்ந்திருந்ததாம். பாரத்தை இழுக்கும்போது பல்சக்கரம் ஒரு பக்கமாக அழுந்தி நின்றுவிடும், பாரம் விட்டதும் முன்னும் பின்னும் போய் மோதும், அதுதான் சத்தம். பேரிங்குக்கு ஒன்றுமில்லை. அரைபட்ட துண்டை எடுத்துக்கொண்டு அவர் பஸ்ஸில் கட்டுகஸ்தோட்டைக்குப் போக, நாநா அதைக் கையில் வைத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு, தான் செய்துகொண்டிருந்த லொறி வேலையை அப்படியே விட்டுவிட்டு, நல்ல உருக்கில் புதிய துண்டு ஒன்றை அராவிக் கொடுத்தாராம். தானே எங்கள் வீடு வரை கூட வந்து, நட்டை இறுக்கி, சைட்காரைப் பூட்டவும் கை கொடுத்தாராம்.

"நல்லாப் பிடிச்சிருக்கா?" என்று கேட்டேன்.

"பிடிச்சிருக்கு எண்டுதான் நினைக்கிறன்" என்றார். "இங்க வந்ததுதான் முதல் ஓட்டம்."

யோசிக்க நேரமில்லை. சைட்காரில் தலையணைகளையும் போர்வைகளையும் திணித்து, தங்கையை இரண்டு ஆண்களும் தூக்கிக் கொண்டுவந்து சாய்த்து உட்காரவைத்தார்கள். அவள் புருஷன் பஸ்ஸில் பின்னால் வருவதாகச் சொன்னார். நான் என் கணவருக்குப் பின்னால், இரும்புச் சட்டத்தில், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஏற்றங்களில் எனக்குப் பயமில்லை. ரோடு சரிந்து, அவர் பெட்ரோலைக் குறைக்கும் ஒவ்வொரு தடவையும் காதைக் கூர்மையாக்கிக்கொண்டேன். நாநா சொன்னது ஞாபகம் வந்தது, அந்தப் பெட்டிதான் முதலில் புரளும். இப்போது அந்தப் பெட்டியில் என் தங்கை இருந்தாள். அவர் தலையை இடப்பக்கம் சாய்த்துக் கேட்டுக்கொண்டே ஓட்டினார். நான் அவர் தோளுக்கு மேலாக எட்டி, தகரப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன், பார்த்தால் சத்தம் தெரியும் என்பது போல. நடுநடுவே கையை நீட்டித் தங்கையின் வயிற்றைத் தொட்டு, வலி எப்போது வருகிறது எப்போது போகிறது என்று பார்த்தேன்.

ஒரு வளைவில் திடீரென்று கடகடவென்று கேட்டது. என் கணவர் கிளட்சைப் பிடித்து, ஓரமாக்கி நிறுத்திவிட்டார். குனிந்து தகரப் பெட்டியில் கை வைத்தார். பிறகு சைட்காருக்குள் கையை விட்டு, தங்கையின் காலடியிலிருந்து என் எனாமல் கிண்ணத்தை எடுத்தார். உள்ளே கத்திரிக்கோல் கிடந்து ஆடியிருக்கிறது. நான்தான் அவசரத்தில் அதைப் பைக்குள் வைக்காமல் அங்கே போட்டிருந்தேன். அவர் அதை என்னிடம் கொடுத்துவிட்டு மறுபடி கிளப்பினார்.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் நிற்கவேண்டி வந்தது. எதிரே லொறி ஒன்றும் மாட்டுவண்டிகளும் ஒன்றுக்கொன்று வழிவிடாமல் நின்றன. எஞ்சின் சும்மா ஓடியது. அந்தச் சத்தம் வருவதாக இருந்தால் அங்கேதான் வரவேண்டும். கீழே மகாவலி பெருகி ஓடிக்கொண்டிருந்தது, வண்டிக்காரர்கள் சத்தம் போட்டார்கள், இவை எல்லாவற்றுக்கும் நடுவில் நான் ஒரே ஒரு சத்தத்துக்காகக் காத்திருந்தேன். இரண்டு சிலிண்டர்களும் மாறி மாறி வெடிக்கிற, ஒழுங்கில்லாத அந்தப் பழைய ஓட்டம் மட்டும்தான் கேட்டது. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். இல்லை என்று தலையாட்டினேன். வழி கிடைத்ததும் போனோம்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பரிசோதித்துவிட்டு, உடனே இடுக்கி ஆயுதங்களைக் கொண்டுவரச் சொன்னார். அந்த அறையில் எனக்கு வேலை இல்லை. ஆனால் ஒரு பழைய நர்ஸ் என்னைத் தெரிந்தவர், தலைமாட்டில் நிற்க விட்டார். குழந்தையை ஆயுதம் போட்டு எடுத்தபோது அது நீலமாக, துணி போலத் தொங்கியது. கழுத்தைச் சுற்றிக் கொடி கிடந்தது. டாக்டர் அதன் வாயைத் துடைத்தார், முதுகைத் தேய்த்தார், தலைகீழாகப் பிடித்துத் தட்டினார். நான் என் வேலையில் இதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், ஆனால் அன்றைக்குப் பார்க்க முடியவில்லை. தங்கையின் நெற்றியில் என் நெற்றியை வைத்துக்கொண்டேன். பிறகு பூனைக்குட்டி போல ஒரு சின்னச் சத்தம். அதற்குப் பிறகு நல்ல அழுகை.

பெண் குழந்தை. தங்கைக்கு இரத்தம் நிறையப் போயிருந்தது. ஆனாலும் ராத்திரி தாண்டிவிட்டாள். அவள் புருஷன் பஸ்ஸில் வந்து சேர்ந்தபோது என் கணவர் ஆஸ்பத்திரி முற்றத்தில் வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாராம். செய்தியைச் சொல்லி இருவரும் கட்டிப் பிடித்துக்கொண்டதில், தங்கை புருஷனின் வெள்ளைச் சட்டை முதுகு முழுக்க எண்ணெய்க் கை பதிந்திருந்தது. அந்தச் சட்டையோடுதான் அவர் தன் மகளை முதன்முதல் பார்த்தார்.

அந்த வண்டி அதற்குப் பிறகும் பல வருஷம் எங்களைச் சுமந்தது. பேரிங்குக்குக் கடைசி வரை ஒன்றும் ஆகவில்லை. ஆனால் எங்கள் காது மட்டும் பழையபடி ஆகவில்லை. சரிவில் இறங்கும்போது அவர் தலை தானாக இடப்பக்கம் சாயும், நான் பேச்சை நிறுத்திவிடுவேன். நாநா எங்களை எங்கே கண்டாலும், என்ன, இன்னும் ஏதாவது தட்டுதா என்று கேட்டுச் சிரிப்பார். அந்த இரும்புத் துண்டைத் தன் கையால் அராவியதில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது.

பிள்ளை தவழத் தொடங்கிய பிறகு ஒரு நாள், அடுத்த வீட்டு ஞானஸ்நானத்துக்கு வந்த தங்கை எங்கள் குசினியில் உட்கார்ந்து அந்தப் பயணத்தைப் பற்றி முதன்முறையாகப் பேசினாள். பாதி வழியிலேயே தான் சாகப்போகிறோம் என்று முடிவு செய்துவிட்டாளாம். மனதுக்குள் மரணத்துக்கான ஜெபத்தைச் சொல்லத் தொடங்கிவிட்டாளாம்.

ஏன் அப்படி நினைத்தாய், அவ்வளவு வலியா என்று கேட்டேன்.

"வலியில்லக்கா" என்றாள். "நீங்களும் அத்தானும் ரோட்டப் பாக்கவே இல்ல. வழி நெடுக ரெண்டு பேரும் தலயச் சாச்சி என்னயவே பாத்துட்டு வந்தீங்க. ரெண்டு பேர் மொகத்துலயும் சாவு வீட்டுக் களை. எனக்கு வேற என்ன நெனைக்கத் தோணும்?"

முன்னறையில் கொப்பி திருத்திக்கொண்டிருந்த என் கணவர் இதைக் கேட்டு எழுந்து வந்தார். கதவு நிலையில் நின்று, நாங்கள் பார்த்தது அவளை அல்ல, அவளுக்குப் பக்கத்தில் இருந்த தகரப் பெட்டியை என்று ரொம்பப் பொறுமையாக, பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுப்பது போல விளக்கினார். அவள் முழுவதையும் கேட்டாள். பிறகு பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இனிமேல் யாரையாவது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது நேராகப் பார்த்து ஓட்டுங்கள் அத்தான் என்று சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பினாள். சைட்காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்று அவர் கேட்டதற்கு, வேண்டாம் என்றுவிட்டாள்.